அல்கோன்குயின் ஏரிக்கரைக் குடிலில் முதன்முறை தங்கப் போகிறவர்களுக்கு

ஒன்ராறியோவின் அல்கோன்குயின் மாகாணப் பூங்கா 1893ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அல்கோன்குயின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நிலத்தில், ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரப்பும் 2,400க்கு மேற்பட்ட ஏரிகளும் கொண்டதாக அது விரிந்து கிடக்கிறது. தொடக்க காலத்தில் திருட்டு வேட்டையைத் தடுக்கவும் காட்டுத்தீயைக் கவனிக்கவும் நியமிக்கப்பட்ட காவலர்கள் கோடையில் கனூ என்னும் சிறு துடுப்புப் படகிலும் பனிக்காலத்தில் பனிச்சப்பாத்துகளிலும் இந்தக் காட்டைச் சுற்றி வந்தார்கள். இரவில் ஒதுங்குவதற்காக அவர்கள் கட்டிய மரக்குடில்களில் சில இன்றும் ஏரிக்கரைகளில் நிற்கின்றன. ரேஞ்சர் கபின் என்ற பெயரில் பூங்கா நிர்வாகம் அவற்றை வாடகைக்கு விடுகிறது.

கோடை விடுமுறையில் முஸ்கோக்காப் பக்கம் கொட்டேஜ் எனப்படும் வசதியான விடுமுறை வீடு எடுத்துத் தங்கிப் பழகிய ரொறன்ரோத் தமிழ்க் குடும்பங்கள் பல. அந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் குடில்களுக்குப் போனால் முதல் இரவே சிரமப்பட நேரிடும். இங்கே மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, பெரும்பாலான இடங்களில் கைப்பேசித் தொடர்பும் இல்லை. அறையைச் சூடாக்க விறகடுப்பு, குடிக்க ஏரித்தண்ணீர், காலைக்கடனுக்கு வெளியே மரங்களுக்கிடையில் ஒரு குழிக் கழிப்பறை, இவ்வளவுதான். இந்த எளிமையை முன்கூட்டியே அறிந்து, முதல் நாள் பொழுது சாயுமுன் நெருப்பு, தண்ணீர், படுக்கை ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்திவிட்டால், எஞ்சிய நாள்கள் மிக இனிமையாகக் கழியும். நல்ல தங்கலும் மோசமான தங்கலும் பெரும்பாலும் அந்த முதல் மாலையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எந்தக் குடில்?

குடில்களில் இரண்டு வகை உண்டு. கியோஸ்க், பிரென்ட் போன்ற இடங்களில் உள்ளவற்றுக்குக் காரிலேயே போய்ச் சேரலாம். இவை பூங்காவின் வட எல்லையில் இருப்பதால், பலரும் அறிந்த 60ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாகப் போக முடியாது. மட்டாவாப் பக்கமாக 17ஆம் இலக்க நெடுஞ்சாலைக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். பிரென்டுக்குப் போகும் பாதையில் கடைசி 40 கிலோமீற்றர் அளவு சரளைக்கல் சாலை. மழைக்குப் பிறகு அதில் மெதுவாகத்தான் ஓட்ட முடியும் என்பதைப் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை, பேர்ச்கிளிஃப் ஏரி, மக்காஸ்கில் ஏரி ஆகிய இடங்களில் உள்ளவற்றைப் போலக் கனூவில் மட்டுமே அடையக்கூடியவை. ஏரிக்கு ஏரி துடுப்புப் போட்டு, இடையில் உள்ள காட்டுப்பாதைகளில் கனூவையும் பொதிகளையும் தோளில் சுமந்துதான் இவற்றுக்குப் போக வேண்டும்.

முதன்முறை போகிறவர்கள், குறிப்பாகச் சிறுபிள்ளைகளோ வயதானவர்களோ உடன் வருவதாக இருந்தால், கார் போகும் குடிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டின் அமைதி அங்கும் குறைவில்லை. கார் பக்கத்தில் நிற்கிறது என்ற ஒரே காரணத்தால் பாதிக் கவலை நீங்கிவிடும். கனூவில் பழக்கம் இல்லாதவர்கள் நேரடியாக இரண்டாவது வகையில் இறங்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இரண்டு இரவுகள் முதல் முறைக்குப் போதும். ஓர் இரவு என்றால் சுமை இறக்கி ஏற்றுவதிலேயே பொழுது போய்விடும்.

முன்பதிவு பொதுவாக 5 மாதங்களுக்கு முன்பே திறக்கும். கோடைக்கால வார இறுதிகள் விரைவாகப் போய்விடுவதால், நாளைக் குறித்து வைத்துக் காலையிலேயே ஒன்ராறியோ பூங்காக்களின் இணையத்தளத்தில் பதிவு செய்வது நல்லது. ஒவ்வொரு குடிலின் விவரத்தையும் வரி வரியாக வாசியுங்கள். எத்தனை பேர் தங்கலாம், கட்டில்களில் மெத்தை உண்டா அல்லது வெறும் பலகைதானா, விறகு கொடுக்கப்படுமா, அந்தப் பருவத்தில் குடில் திறந்திருக்கிறதா என்பவை குடிலுக்குக் குடில் வேறுபடும்.

எப்போது போவது?

ஏரிகளின் மேலுள்ள பனிக்கட்டி ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான் உடைகிறது. அதன்பின் வரும் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை கருப்பு ஈக்களின் காலம். அரிசியளவே உள்ள இந்த ஈ பகலில் கடிக்கும். காதுக்குப் பின்னாலும் தலைமுடி தொடங்கும் இடத்திலும் ஊர்ந்து நுழைந்து கடிப்பதால், பலருக்கு வலி தெரிவதற்கு முன்பே கழுத்தில் இரத்தம் வடிவது தெரியும். ஜூன் மாதம் நுளம்புகளும் சேர்ந்துகொள்ளும். முதன்முறை போகிறவர்கள் இந்த ஆறு வாரங்களையும் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், வெளிர் நிற முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய நீளக் காற்சட்டை, முகத்தை மூடும் தலைவலை ஆகியவை கட்டாயம்.

ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்ட் மாதமும் குடும்பங்களுக்கு ஏற்ற காலம். ஏரித்தண்ணீர் நீந்தும் அளவுக்குச் சூடேறியிருக்கும், பூச்சித் தொல்லை தணிந்திருக்கும். செப்டெம்பர் கடைசி வாரத்தையொட்டி மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அப்போது இரவில் வெப்பநிலை உறைநிலையைத் தொடக்கூடும், தண்ணீரும் குளிர்ந்திருக்கும். பகல் நீளத்தையும் மறக்கக்கூடாது. ஜூன் கடைசியில் இரவு 9 மணிவரை வெளிச்சம் இருக்கும். ஒக்ரோபர் தொடக்கத்திலோ 7 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

பொதி கட்டுதல்

பூங்காவின் உட்பகுதியில் உணவுப் பொருள்களை ரின்களிலோ கண்ணாடிப் போத்தல்களிலோ கொண்டுபோவது தடைசெய்யப்பட்டுள்ளது. கனூவில் போகும் குடில்களுக்கு இது பொருந்தும். கார் போகும் இடமானாலும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. நம் சமையலறைகளில் அவசரத்துக்குக் கைகொடுக்கும் ரின்மீனும் தேங்காய்ப்பால் ரின்னும் இதனால் அடிபட்டுப் போகின்றன. அதற்காகப் பாணும் ஜாமும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் மா, மைசூர்ப்பருப்பு, வறுத்த அரிசிமா, அவல், இடித்த சம்பல் ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை. மைசூர்ப்பருப்பு கால் மணி நேரத்தில் வெந்துவிடுவதால் எரிபொருளும் மிச்சமாகும். முதல் இரவுக்கு மட்டும் வீட்டில் சமைத்து உறைய வைத்த கறியும் ரொட்டியும் எடுத்துச் செல்லுங்கள். களைத்துப்போய்ச் சேரும் அன்று, சூடாக்கினால் போதும் என்ற நிலையே பெரும் உதவி. கருவாட்டை நான் கொண்டுபோவதில்லை. அதன் மணம் எவ்வளவு கட்டினாலும் வெளியே வரும், கரடிக்கு மூக்கு மிகக் கூர்மை.

உடையில் பருத்தியைத் தவிர்க்க வேண்டும். நனைந்த பருத்தி, அதிலும் ஜீன்ஸ், உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு பல மணி நேரம் காயாமல் கிடக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகள், மழை அங்கி, தூங்கும்போது மட்டும் உடுத்துவதற்கென்று நீர்புகாப் பையில் கட்டிய ஒரு சோடி உலர்ந்த உடை ஆகியவை ஆகஸ்ட் மாதத்திலும் தேவை. உறைநிலைக்கு ஏற்ற உறக்கப்பை, பலகைக் கட்டிலானால் அதன்மேல் விரிக்க நுரைப்பாய், ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவிளக்கு, மாற்று மின்கலங்கள், கைக்கோடரி, தீக்குச்சியுடன் ஒரு லைட்டரும், முதலுதவிப் பெட்டி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் இரண்டு நாள் கூடுதலாக, இவற்றை மறக்கக்கூடாது. மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்கும் வேண்டாம். காய்ந்த மரச்சுவருக்குள் அவை ஆபத்து.

காபன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயு சேர்ந்தால் ஒலியெழுப்பும், மின்கலத்தில் இயங்கும் சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். விறகடுப்புள்ள சிறிய அறையில் உறங்கப் போகிற எவருக்கும் அது ஆடம்பரமல்ல.

வீட்டிலிருந்து விறகு கொண்டு போகக்கூடாது. ஆஷ் என்னும் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு போன்றவை விறகோடுதான் ஊர் விட்டு ஊர் பரவுகின்றன. பூங்கா வாயிலிலோ அருகிலுள்ள ஊரிலோ வாங்கிக்கொள்ளலாம். பூங்காவின் உட்பகுதியில் தங்குபவர்கள் பட்டுப்போய்த் தரையில் விழுந்து கிடக்கும் மரத்தை மட்டும் எடுக்கலாம்.

புறப்படுமுன், நகரத்தில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் ஒரு தாளை எழுதிக் கொடுங்கள். குடிலின் பெயர், நுழைவாயில், போகும் வழி, காரின் இலக்கம், கூட வருபவர்களின் பெயர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்பித் தொலைபேசி எடுப்பீர்கள், எடுக்காவிட்டால் அவர் எந்த இலக்கத்தை அழைக்க வேண்டும் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுப்பதும் நல்லது. அண்மைக் காலக் கைப்பேசிகள் சிலவற்றில் செய்மதி அவசர அழைப்பு வசதி உண்டு. அதை நம்பிப் போகிறவர்கள் வீட்டிலேயே பயிற்சி முறையில் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். குளிரில் மின்கலம் விரைவாக இறங்கும் என்பதால், இரவில் கைப்பேசியை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணமும் கனூவும்

ரொறன்ரோவிலிருந்து பூங்காவின் மேற்கு வாயிலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். வடக்குப் பக்கத்துக்கு அதைவிடக் கணிசமாகக் கூடும். பிற்பகல் 3 மணிக்குள் குடிலில் இருக்கும்படி காலையிலேயே கிளம்புங்கள். இருட்டிய பின் இந்தச் சாலைகளில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூஸ் எனப்படும் பெரிய மான் சாலையைக் கடக்கும்போது, அதன் உயரமும் கருநிறமும் காரணமாகக் காரின் விளக்கொளியில் எளிதில் புலப்படாது. மோதினால் அதன் கனத்த உடல் நேரே முன்கண்ணாடிக்குள் வரும். பனிக்காலத்தில் சாலையில் தூவிய உப்பு ஓரத்துக் குட்டைகளில் தேங்கியிருப்பதால், மே, ஜூன் மாதங்களில் மூஸ்கள் சாலையோரத்துக்கு அடிக்கடி வருகின்றன.

கனூவில் போகிறவர்கள் பூங்காவுக்கு அருகிலுள்ள வாடகைக் கடைகளில் கனூ எடுக்கலாம். கெவ்லர் என்னும் இலேசான செயற்கை இழையால் செய்த வகை ஏறத்தாழ 20 கிலோ எடையே இருக்கும். சுமந்து நடக்க வேண்டிய பாதை இருந்தால் கூடுதல் வாடகை கொடுத்தாவது அதையே எடுங்கள். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, குறைந்தது 15 மீற்றர் நீள மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் குவளை, ஊதுகுழல் ஆகியவற்றைக் கடைக்காரர் கொடுக்கிறாரா என்று சரிபாருங்கள். அங்கி கனூவுக்குள் இருந்தால் சட்டம் நிறைவேறிவிடும், ஆனால் உயிரைக் காப்பது உடம்பில் பூட்டிய அங்கிதான். நீந்தத் தெரிந்தவர்களும் கரையிலேயே அணிந்து, கரையிலேயே கழற்ற வேண்டும்.

ஏறும்போது ஒருவர் கனூவைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இரு கைகளாலும் இரண்டு விளிம்புகளையும் பற்றி, உடலைத் தாழ்த்தி, நடுக்கோட்டில் பாதம் வைத்து உள்ளே போக வேண்டும். நிமிர்ந்து நின்றால் கவிழும். கனமான பொதிகள் நடுவில், அடியில் இருக்கட்டும். காற்றடிக்கும்போது இருக்கையிலிருந்து இறங்கி முழங்கால் ஊன்றினால் கனூ உடனே நிலைகொள்ளும். பொதுவாகக் காலையில் ஏரி அடங்கியிருக்கும், பிற்பகலில் காற்று எழும். பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஓப்பியொங்கோவில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஏரியின் குறுக்கே நேராகப் போவது குறுகிய வழியாகத் தோன்றினாலும் கரையை ஒட்டியே போங்கள். இடி கேட்ட உடனே கரையேற வேண்டும்.

சுமந்து நடக்கும் பாதைகளின் தொடக்கத்தில் மஞ்சள் நிறப் பலகை இருக்கும், நீளம் மீற்றரில் எழுதியிருக்கும். ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோக முயலாமல், முதலில் பொதிகளையும் பிறகு கனூவையும் கொண்டுபோவதாகக் கணக்கிட்டால், 1,000 மீற்றர் பாதைக்கு நடை 3,000 மீற்றர் ஆகும். இந்தக் கணக்கைத் தவறவிடுவதால்தான் பலர் இருட்டில் போய்ச் சேருகிறார்கள். பூங்காவின் கனூ வழிகள் வரைபடத்தைத் தாளில் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

குடிலைத் திறந்ததும் பொதிகளை உள்ளே அடுக்க வேண்டாம். கதவையும் சன்னல்களையும் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். ஆளில்லாத நாள்களில் சுண்டெலிகள் உள்ளே குடியிருக்கும். அவற்றின் புழுக்கை மேசையிலும் கட்டிலிலும் கிடந்தால் காய்ந்தபடி கூட்டிப் பெருக்கக்கூடாது. மான் சுண்டெலியின் எச்சத்தூசு வழியாக ஹன்டா வைரஸ் தொற்றக்கூடும். தொற்று அரிதானதுதான், ஆனால் கடுமையானது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, கையுறையுடன் காகிதத்தால் துடைத்தெடுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் வெளியே பார்க்க வேண்டியவை உண்டு. கழிப்பறைக்குப் போகும் பாதையை வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். வேர்களும் கற்களும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் நள்ளிரவில் விழமாட்டீர்கள். புகைபோக்கியின் மேல் பறவைக்கூடு இருக்கிறதா, குழாய் எங்காவது கழன்றிருக்கிறதா என்று கவனியுங்கள். விறகு எவ்வளவு இருக்கிறது, அது உலர்ந்ததா என்பதைப் பாருங்கள். உலர்ந்த துண்டுகள் இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும், வெட்டு முகத்தில் வெடிப்புகள் தெரியும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். கனூவைக் கரைக்கு மேலே முழுவதும் இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டிவிடுங்கள். இரவுக் காற்று கனூவைக் கொண்டுபோனால் திரும்பும் வழி போய்விடும்.

பிறகு உறக்கப்பைகளை விரித்து, தலைவிளக்குகளைத் தலைமாட்டில் வைத்து, தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து, அடுப்புக்கு வாருங்கள்.

அடுப்பு மூட்டுதல்

இரும்பு விறகடுப்பு நம் ஊர் அடுப்பைப் போலத் திறந்ததல்ல. அதன் எரிதல் முழுவதும் காற்றோட்டத்தைப் பொறுத்தது. கீழேயோ கதவிலோ காற்று நுழையும் துவாரமும், பெரும்பாலான அடுப்புகளில் புகைக்குழாயில் திருகக்கூடிய தடுப்புத் தகடும் இருக்கும். மூட்டுமுன் இரண்டையும் முழுதாகத் திறந்து வையுங்கள். தகட்டின் கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் பொதுவாகத் திறந்திருக்கிறது என்று பொருள்.

கைக்கோடரியால் விறகைப் பிளந்து, பென்சில் தடிப்பில் ஒரு கைப்பிடியும் பெருவிரல் தடிப்பில் இரண்டு கைப்பிடியும் சுள்ளி தயாரியுங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குறைத்துவிடுகிறார்கள். பிறகு அரை மணி நேரம் புகையோடு போராடுவார்கள். தீப்பற்ற வைப்பதற்குப் பேர்ச் மரத்தின் பட்டையைப் போல் சிறந்தது வேறில்லை. அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்திருந்தாலும் கரும்புகை விட்டு எரியும். ஆனால் கீழே விழுந்த மரத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், நிற்கும் மரத்தில் உரித்தால் மரம் வடுப்படும், பட்டுப்போகவும் கூடும்.

புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால், அதற்குள் இருக்கும் குளிர்காற்று கனத்துக் கீழிறங்கிப் புகையை அறைக்குள் தள்ளும். இதைத் தடுக்க, ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து, அடுப்பின் உள்ளே குழாய் தொடங்கும் வாய்க்கு அருகில் ஒரு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபடுவது கண்ணுக்குத் தெரிந்ததும் குழாய் சூடேறிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் பட்டையைக் கொளுத்தி, மெல்லிய சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, அவை நன்றாகப் பற்றிய பிறகே தடித்த துண்டுகளை வையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், பிளாஸ்டிக், குப்பை எதையும் அடுப்பில் போடக்கூடாது.

இரவு முழுவதும் சூடு நிற்க வேண்டும் என்று தடுப்புத் தகட்டை முழுதாக அடைத்துவிட்டு உறங்குவதுதான் மிகக் கொடிய தவறு. சுடர் அடங்கிச் சிவந்து கிடக்கும் தணலே காபன் மொனொக்சைட்டைத் தாராளமாக வெளியிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தகட்டைப் பாதிக்குமேல் மூடாமல், ஒரு சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகில் வையுங்கள். தலைவலி, குமட்டல், தலைச்சுற்று ஒரே நேரத்தில் இருவருக்கு வந்தால் காரணம் ஆராயாமல் எல்லோரும் வெளியே போக வேண்டும். நேர்மையாகச் சொன்னால், படுக்கும் நேரத்துக்குள் நெருப்பு தானாக அணையும்படி விட்டுவிட்டு நல்ல உறக்கப்பைக்குள் நுழைவதே எனக்குப் பிடித்த முறை.

காட்டுத்தீ அபாயம் உள்ள வரண்ட நாள்களில் வெளியே தீ மூட்டத் தடை விதிக்கப்படும். வாயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

தெளிந்த ஏரியாகத் தோன்றினாலும் அப்படியே குடிக்கக்கூடாது. நீர்நாய், பீவர் முதலிய விலங்குகளின் எச்சத்தால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி பரவும். அதனால் வரும் வயிற்றுப்போக்கு வீடு திரும்பிய பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம். கொதி நன்றாக எழும்பிய பின் ஒரு நிமிடம் விட்டால் போதும், அல்லது ஜியார்டியாவைத் தடுக்கும் வடிகட்டியைப் பயன்படுத்தலாம். கரையோரத்துக் கலங்கலில் அள்ளாமல் சற்று ஆழமான இடத்தில் அள்ளுங்கள். பச்சைத் தண்ணீருக்கு ஒரு பாத்திரம், சுத்திகரித்ததற்கு வேறொரு பாத்திரம் என்று நிறத்தால் பிரித்து வைத்தால் பிள்ளைகளும் குழம்ப மாட்டார்கள்.

அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், சவர்க்கார நீர் எதுவும் ஏரிக்குள் போகக்கூடாது. கரையிலிருந்து 60 மீற்றர் தள்ளிச் சிறு குழியில் ஊற்ற வேண்டும், பருக்கைகளை வடித்துக் குப்பைப் பையில் போட வேண்டும்.

ஏரியில் இறங்குதல்

இலங்கையின் கடலிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள்கூட இங்கே ஏமாந்துவிடுவதற்குக் காரணம் குளிர். குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று எளிதாக வகுத்துச் சொன்னார். முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், அந்த நேரத்தில் பதறாமல் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த 10 நிமிடங்கள் கைகால்கள் பயன்படும், அதற்குள் வெளியேற முயல வேண்டும். குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். அதாவது, மிதந்துகொண்டிருந்தால் மீட்கப்பட நேரம் உண்டு. உயிர்காப்பு அங்கி இல்லாதவருக்கோ அந்த முதல் நிமிடமே கடைசியாகிவிடக்கூடும்.

ஆகவே குதிக்காமல் நடந்து இறங்குங்கள். அடித்தளம் திடீரென்று ஆழமாகும், மூழ்கிய மரங்களும் கிடக்கும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிலையில் உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. அதனால் பெயர் சொல்லி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

மீன் பிடிக்க விரும்பினால், 18 முதல் 64 வயதுவரை உள்ள ஒன்ராறியோவாசிகளுக்கு உரிமம் தேவை. அல்கோன்குயினில் உயிருள்ள சிறுமீனை இரையாகப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. வேற்று மீனினங்கள் புகுந்தால் இந்த ஏரிகளின் ட்ரவுட் மீன்கள் அழிந்துவிடும்.

கரடியும் இரவின் ஒலிகளும்

இங்கே வாழ்பவை கருங்கரடிகள். உணவும் குப்பையும் பற்பசையும் மணம் வீசாதபடி கட்டி வைக்கப்பட்டிருந்தால் அவை பெரும்பாலும் விலகியே போகும். உணவைக் குடிலுக்குள், எலி நுழையாத கெட்டி மூடிப் பெட்டியில் வையுங்கள். வெளியே மேசையில் எதையும் விட வேண்டாம். கூடாரத்தில் தங்க நேர்ந்தால், தரையிலிருந்து 4 மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளித் தொங்கவிட வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டி ஓடக்கூடாது. அதைப் பார்த்தபடி, உரத்த குரலில் பேசிக்கொண்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள், அது போக வழி விடுங்கள். மிக அரிதாகத் தாக்கினால், கையில் கிடைத்ததை வைத்து எதிர்த்துப் போராட வேண்டும். புல்வெளியில் நடந்து வந்த ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலை ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

நள்ளிரவில் ஏரியின் நடுவிலிருந்து நீண்ட ஓலம் எழும், பிறகு நடுங்கும் சிரிப்புப் போல ஒன்று பதில் கொடுக்கும். அறியாதவர்கள் யாரோ ஆபத்தில் கத்துவதாக நினைத்து எழுந்துவிடுவார்கள். அது லூன் என்னும் நீர்ப்பறவை, கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பதும் அதுவே. ஓநாய்களின் ஊளையும் சில இரவுகளில் கேட்கும். 1963 முதல் இந்தப் பூங்காவில் ஆகஸ்ட் மாதங்களில் பொதுமக்களை அழைத்துச் சென்று ஓநாய் ஊளையைக் கேட்கச் செய்யும் நிகழ்ச்சி நடந்து வருகிறது. பிள்ளைகளுக்கு இந்த ஒலிகளின் பதிவை வீட்டிலேயே கேட்கச் செய்துவிட்டுக் கூட்டிச் சென்றால், இரவில் பயப்படுவதற்குப் பதிலாகக் காத்திருந்து கேட்பார்கள்.

புறப்படும் காலை

கடைசி இரவில் நெருப்பை நேரத்தோடு அணைய விடுங்கள். சாம்பலை உலோக வாளியில் மட்டும் அள்ளி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்தால் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே அங்கே குறிக்கப்பட்ட இடத்தில் கொட்ட வேண்டும். சாம்பலுக்குள் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அடுத்து வருகிறவர் மழையில் நனைந்து, இருட்டில் வந்து சேரக்கூடும். அவருக்காகப் பிளந்த சுள்ளி ஒரு கட்டும் உலர்ந்த விறகும் அடுப்பருகே வைத்துவிட்டு வருவது காட்டுக்குடில்களின் நெடுநாள் வழக்கம். நீங்கள் வந்தபோது அங்கே எதுவும் இல்லாதிருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

எஞ்சிய உணவை அடுத்தவருக்கென்று விட்டு வர வேண்டாம், அது எலிக்கும் கரடிக்கும்தான் போய்ச் சேரும். குப்பை முழுவதையும், பழத்தோல் உட்பட, கட்டி எடுத்து வாருங்கள். சன்னல்களைப் பூட்டி, கதவை இழுத்துச் சரிபாருங்கள். கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் முதல் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி, தாள் கொடுத்துவிட்டு வந்த அந்த ஒருவரை அழைத்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். நீங்கள் மறந்தால், குறித்த நேரம் தாண்டியதும் உங்களைத் தேடுவதற்காகக் காட்டுக்குள் ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள்.